தணிந்த குரலில் ஒரு காடு

நீலகிரி மலையின் மேற்குச் சரிவில், உதகையின் குளிர்ந்த மேட்டுநிலம் இறங்கி வயநாட்டோடு கலக்கும் இடத்தில் அமைந்திருக்கும் கூடலூர், தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் சாலைகளும் வந்து சேரும் ஊர் என்பதோடு, தேயிலைத் தோட்டமும் காடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் ஊருமாகும். 1940-இல் சரணாலயமாகவும் 2007-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட முதுமலை அதன் வடக்கே தொடங்குகிறது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஆகிய பழங்குடியினரும், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட தமிழரும், மலையாளம் பேசும் குடியேறிகளும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றனர். யானை தோட்டத் தொழிலாளரின் லைன் வீட்டு முற்றத்தில் நிற்பதும், புலி மாட்டை அடித்ததும், காட்டெருமை தேயிலைப் பாத்தியில் மேய்ந்ததும் இப்பகுதியில் கதைகளாகக் கேட்கப்படுவனவல்ல, அன்றாடச் செய்திகள். விலங்கை மென்மையாகச் சொல்லும் ஒரு கலைமரபின் தகுதியை எடைபோடுவதற்கு, விலங்கைத் திரையில் மட்டுமே காணும் பெருநகரத்தைவிட இத்தகைய ஊரே பொருத்தமான இடம் என்னும் கருத்திலிருந்து இக்கட்டுரை புறப்படுகிறது.

இங்கே கருதப்படும் கலைமரபு ஜப்பானுடையது. மங்கா என்பது ஜப்பானியப் படக்கதை. அனிமே என்பது அந்நாட்டு அசைவூட்டப் படமும் தொலைக்காட்சித் தொடரும். மங்காவையோ நாவலையோ அனிமேயாக மாற்றும்போது மூலத்தின் கடுமையைக் குறைத்து, சாவையும் வஞ்சத்தையும் பின்னுக்குத் தள்ளி, இளகிய தொனியில் கதையைச் சொல்லும் வழக்கம் அங்கே அறுபது ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது. அதை இக்கட்டுரை ‘தணிப்பு’ என்று குறிக்கிறது. தணிப்பு என்றவுடன் நீர்த்துப்போதல் என்று பொருள்கொள்ளும் பழக்கம் விமர்சகர்களிடம் உண்டு. ஆயினும் எது தணிக்கப்படுகிறது, எவருக்காகத் தணிக்கப்படுகிறது, எந்த உயிருக்கு அந்த இரக்கம் கிடைக்காமல் போகிறது என்று பார்க்கும்போது, ஒரே சொல்லுக்குள் முற்றிலும் வேறான செயல்கள் அடங்கியிருப்பது தெரியவரும்.

ஒசாமு தெசுகா 1950 முதல் 1954 வரை வரைந்த ‘காட்டின் பேரரசன்’ என்னும் மங்கா இவ்வாய்வுக்கு இயல்பான தொடக்கம். லியோ என்னும் வெள்ளைச் சிங்கம் தந்தையை வேட்டைக்காரனிடம் இழந்து, மனிதரிடையே வளர்ந்து, காட்டுக்குத் திரும்பி, ஆண்டு, முதுமை எய்தி, இறுதியில் பனிமலையொன்றில் உறைந்து மடியவிருக்கும் மனிதத் தோழன் ஒருவன் தன் இறைச்சியை உண்டும் தோலைப் போர்த்தியும் உயிர்பிழைக்கட்டும் என்று வலிந்து தன் உயிரைக் கொடுக்கும் முடிவு அதில் உள்ளது. மூன்று தலைமுறை நீளும் அந்தக் கதையில் காலம் ஓடிக்கொண்டே இருக்கிறது. குட்டி சிங்கமாகிறது, சிங்கம் கிழமாகிறது, கிழம் இறக்கிறது. 1965 அக்டோபரில் தெசுகாவின் சொந்த நிறுவனமான முஷி புரொடக்‌ஷன் இதை 52 பகுதிகள் கொண்ட வண்ணத் தொலைக்காட்சித் தொடராக்கியபோது, அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனத்தின் பணம் அதில் கலந்திருந்தது. ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே முடிய வேண்டும், எந்த வரிசையில் ஒளிபரப்பினாலும் பொருந்த வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் எதிர்பார்ப்பு. இதன் விளைவு கதையின் எலும்பையே தொட்டது. எந்த வரிசையிலும் காட்டத்தக்க கதையில் எவரும் மூப்படைய முடியாது. ஆகவே லியோ அந்தத் தொடர் முழுவதும் குட்டியாகவே இருக்கிறான். வளர்ந்த லியோவைக் காட்டுவதற்குத் தெசுகா 1966-இல் என்.பி.சி.யின் துணையின்றி 26 பகுதிகளில் இன்னொரு தொடர் எடுக்க வேண்டியிருந்தது. மூலத்தின் பனிமலைச் சாவோ 1997-இல் வெளிவந்த திரைப்படத்திற்காகக் காத்திருந்தது. முதல் தொடரில் நிகழ்ந்த தணிப்பின் சாரம் குருதியைத் துடைத்ததில் இல்லை, காலத்தை நிறுத்தியதில் இருந்தது. வயதாகாத விலங்குக்கு இறப்பும் இல்லை, பொறுப்பும் இல்லை.

இதற்கு எதிர்த்திசையில், காலத்தை மேலும் மெதுவாக நடக்கவிட்டுத் தணித்த படைப்பு 1974-இல் வந்தது. யொஹான்னா ஸ்பைரி 1880–81-இல் எழுதிய ‘ஹைடி’ என்னும் ஸ்விட்சர்லாந்து நாவலை இசாவோ தகஹதா இயக்க, ஹயாவோ மியாசாகி காட்சியமைப்புகளை வரைய, 52 வாரங்கள் ஒளிபரப்பான தொடர் அது. அசைவூட்டத் தொலைக்காட்சிக்காக நேரில் சென்று இடம் பார்த்து வருவது அரிதாக இருந்த அந்நாளில், படைப்புக் குழு ஆல்ப்ஸ் மலைக்கே போய் வந்தது. பாலாடைக்கட்டி தீயில் உருகுவதும், வைக்கோல் மெத்தை அமுங்குவதும், ஆடுகள் கிண்கிணியோடு சரிவில் ஏறுவதும் நிமிடக்கணக்கில் காட்டப்பட்டன. ஸ்பைரியின் நாவல் ஆழ்ந்த கிறித்தவப் படைப்பு. பாட்டனின் மனமாற்றம் அங்கே இறைவேண்டலின் வழியாக நிகழ்வது. அந்தச் சமய அழுத்தத்தைத் தொடர் பெரிதும் இறக்கி வைத்து, மனமாற்றத்தின் பாரத்தை மலையின் மீதும் குழந்தையின் மீதும் ஏற்றியது. இன்னொரு மாற்றம் சிறியது போலத் தோன்றினாலும் தணிப்பின் இயங்குமுறையைத் தெளிவாகக் காட்டுவது. நாவலில் ஆட்டிடையனான பீட்டர், நகரத்திலிருந்து வந்த நோயாளிச் சிறுமி கிளாரா மீது கொண்ட பொறாமையால் அவளுடைய சக்கர நாற்காலியை மலைச்சரிவில் தள்ளி உடைக்கிறான், பிறகு அச்சத்தில் வேகிறான். தொடரிலோ நாற்காலி உடைவது கிளாராவின் கைதவறலால் நேரும் விபத்து. பீட்டருக்கு அதில் குற்றமேயில்லை. ஒரு சிறுவனின் வஞ்சம் மறைந்ததோடு, அந்த வஞ்சத்தை உணர்ந்து அவன் மீள்வதற்கான வாய்ப்பும் மறைந்தது. நாவலில் இல்லாத பெரிய நாயொன்று பாட்டனின் குடிலில் சேர்க்கப்பட்டது. கதைக்குப் புதிதாக ஒரு செல்லப்பிராணியைக் கொடுப்பது இம்மரபின் நிலைத்த உத்தி. இதே உத்தி பின்னர் இந்தியக் காட்டுக்கும் வந்து சேர்ந்தது.

ஜப்பானியத் தணிப்பு எப்போதும் சாவை விலக்குவது என்று இதிலிருந்து முடிவுகட்டினால் தவறாகும். 1975-இல் வந்த ‘ஃபிளாண்டர்ஸின் நாய்’, 1872-ஆம் ஆண்டு ஆங்கிலக் கதையின் முடிவை அப்படியே வைத்துக்கொண்டது. ஏழைச் சிறுவன் நெல்லோவும் அவன் நாயும் கிறிஸ்துமஸ் இரவில் தேவாலயத்தின் கல்தரையில் குளிரில் இறக்கின்றனர். இதே கதையை எடுத்த அமெரிக்கத் திரைப்படங்கள் சிறுவனைப் பிழைக்கவைத்தன. ஜப்பானியத் தொடர் அவனைச் சாகவிட்டு, வானவர் ஏந்திச் செல்லும் ஒளியை அச்சாவின் மேல் பரப்பியது. நிகழ்வு மூலத்தினுடையது, குரல் மட்டும் தழுவலுடையது. நிகழ்வைத் தணிப்பதற்கும் குரலைத் தணிப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடே பின்வரும் பகுதிகளுக்கு அளவுகோல்.

திரையில் தணிக்கப்பட்ட விலங்கு திரைக்கு வெளியே என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானிலேயே ஒரு கசப்பான சான்று உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெர்லிங் நார்த், தன் பதினொன்றாம் வயதில் வளர்த்த ரக்கூன் குட்டியைப் பற்றி 1963-இல் எழுதிய நினைவுநூலை, நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1977-இல் ‘ரக்கூன் ராஸ்கல்’ என்று 52 பகுதித் தொடராக்கியது. ரக்கூன் என்பது வட அமெரிக்காவைச் சேர்ந்த, கண்களைச் சுற்றிக் கருவளையமும் வாலில் பட்டைகளும் கொண்ட, பூனையைவிடச் சற்றுப் பெரிய இரவு விலங்கு. ராஸ்கல் வளர்ந்து பயிரை அழித்து ஊராரின் பகையைத் தேடிக்கொள்வதும், சிறுவன் அதைக் காட்டில் கொண்டுபோய் விட நேர்வதும் நூலிலும் உண்டு, தொடரிலும் உண்டு. கதை எச்சரிக்கையை மறைக்கவில்லை. ஆனால் வட்ட முகமும் சிறு கைகளுமாக வரையப்பட்ட அந்தக் குட்டி ஓராண்டு முழுவதும் வாரந்தோறும் வீட்டுக்குள் வந்து பழகிவிட்ட பிறகு, கடைசி வாரத்தின் பிரிவைவிட முந்தைய ஐம்பது வாரங்களின் கொஞ்சலே பார்த்தவர் நெஞ்சில் நின்றது. செல்லப்பிராணியாக ரக்கூன்கள் வட அமெரிக்காவிலிருந்து பெருமளவில் இறக்குமதியாயின. வளர்ந்ததும் கடித்தன, பொருள்களைக் குலைத்தன. வளர்த்தவர்களும், தொடரில் பார்த்தபடியே, அவற்றைக் காட்டில் விட்டனர். விலங்குக்காட்சிச் சாலையிலிருந்து தப்பியவை 1960-களிலேயே சில இடங்களில் பெருகத் தொடங்கியிருந்தன என்பதால் முழுப்பழியையும் தொடரின் மீது சுமத்துவது நியாயமன்று. எனினும் வயலையும் பழங்காலக் கோயில்களின் மரவேலையையும் கெடுக்கும் அயல் உயிரினமாக ரக்கூன் அந்நாடெங்கும் பரவியதில் அதற்குப் பங்கு உண்டு. 2005-இல் நடைமுறைக்கு வந்த அயல் உயிரினச் சட்டத்தின்கீழ் ரக்கூனை வளர்ப்பதும் இறக்குமதி செய்வதும் தடைசெய்யப்பட்டன.

தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு மிக நெருங்கிய தணிப்புத் தழுவலைச் செய்ததும் இதே நிப்பான் அனிமேஷன்தான். ருட்யார்ட் கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’ 1894-இலும் அதன் இரண்டாம் நூல் 1895-இலும் வெளிவந்தன. இரண்டிலும் சேர்ந்து பதினைந்து கதைகள். அவற்றுள் ஓநாய்களிடையே வளரும் சிறுவன் மௌக்லி வருபவை எட்டே. அந்த எட்டுக் கதைகளிலிருந்து 1989 அக்டோபர் முதல் 1990 அக்டோபர் வரை ஒளிபரப்பான 52 பகுதித் தொடர் உருவாயிற்று. இந்தி மொழிமாற்றோடு தூர்தர்ஷன் அதை 1993-இல் ஞாயிறு காலைகளில் காட்டியது. குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த தொடக்கப்பாடல், இந்தி அறியாத தமிழ்க் குழந்தைகளுக்கும் பொருள் விளங்காமலே மனப்பாடமாயிற்று. ஒரு பிரித்தானியர் அமெரிக்காவின் வெர்மான்டில் உட்கார்ந்து, தாம் நேரில் பாராத மத்திய இந்தியச் சியோனிக் காட்டைப் பற்றி எழுதியதை, ஜப்பானியர் வரைய, மும்பைக் கலைஞர்கள் குரல் கொடுக்க, தமிழ்நாட்டு வீடுகளில் இந்தியில் பார்த்தனர். இத்தனை கைகள் மாறி வந்த காட்டில் எது தங்கியது, எது உதிர்ந்தது என்பது ஆராயத்தக்கது.

கிப்ளிங்கின் மூலம் கடுமையானது. மௌக்லி எருமைக் கூட்டத்தைப் பள்ளத்தாக்கில் விரட்டிவிட்டு ஷேர்கான் என்னும் புலியை மிதித்துக் கொல்லச் செய்து, தன் கையால் தோலை உரித்து, ஓநாய்களின் அவைப்பாறையில் விரிக்கிறான். அவனைச் சூனியக்காரனென்று ஊர் கல்லால் அடித்துத் துரத்துகிறது. அவனுக்குச் சோறிட்ட பெண்ணையும் அவள் கணவனையும் கொல்லவே துணிகிறது. பின்னொரு கதையில் அவன் யானைகளையும் பன்றிகளையும் மான்களையும் ஏவி அந்த ஊரை வயலோடும் வீட்டோடும் அழித்து, காடே அதை விழுங்கச் செய்கிறான். பிறிதொரு கதையில் செந்நாய்க் கூட்டத்தோடு நடக்கும் போரில் ஓநாய்த் தலைவன் அகேலா மடிகிறான். எட்டுக் கதைகளை ஓராண்டுக்கு நீட்டவேண்டிய கட்டாயமே ஜப்பானியத் தொடரின் தணிப்புக்கு முதற்காரணம். போர்களுக்கிடையே கிப்ளிங் எழுதாமல் விட்ட நாள்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. தொடர் அவற்றில் குடிபுகுந்தது. ஓநாய்த் தாயின் அக்கறையும், உடன்வளர்ந்த குட்டிகளின் சண்டையும் சமாதானமும், மழையும் பசியும் விளையாட்டும் கதையாயின. காட்டின் சட்டம் என்று கிப்ளிங் முழங்கியது இங்கே குடும்பத்தின் ஒழுங்காகக் குரலிறங்கியது. இது இழப்பன்று. பேரரசு அதிகாரத்தின் மொழியில் எழுதப்பட்ட காட்டுக்கு, வீட்டின் மொழியில் ஒரு மறுபிறவி கிடைத்தது என்றே கொள்ள வேண்டும்.

எனினும் அந்த வீட்டுக்குள் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடவில்லை. ஹைடிக்கு நாய் சேர்ந்ததுபோல் இங்கே கீச்சி என்னும் செம்பாண்டாக் குட்டி சேர்ந்தது. செம்பாண்டா இமயமலையின் கிழக்குப் பகுதியிலும் அதற்கப்பால் சீனத்திலும் மூங்கில் தின்று வாழும் விலங்கு. மத்திய இந்தியாவின் தேக்குக் காட்டில் அதற்கு வாழ்வேயில்லை. குழந்தைகளின் அன்பைப் பெறத்தக்க முகம் ஒன்று வேண்டியிருந்தது, புவியியல் வழிவிட்டது. புலிக்கோ அந்தக் கனிவு கிடைக்கவில்லை. இந்தியில் நானா படேகரின் கரகரத்த குரலைப் பெற்ற ஷேர்கான் மூலத்தைப் போலவே பகைவனாகவே நீடித்தான். இதில் கவனிக்கத்தக்கது, கடுமைக்குப் பெயர்பெற்ற கிப்ளிங்கே ஷேர்கானுக்கு ஒரு காரணம் கொடுத்திருந்தார் என்பது: அவன் பிறவியிலேயே ஒரு கால் ஊனமானவன், ஓடும் மானைப் பிடிக்க இயலாதவன், ஆகவே மாட்டையும் மனிதனையும் நாடுபவன். காயமுற்ற அல்லது ஊனமுற்ற புலி கிராமத்தை நெருங்குவது வனத்துறையினர் நன்கறிந்த உண்மை. செந்நாய்களுக்கும் கிப்ளிங்கிடம் இரக்கமில்லை. அவற்றை அழிவுப்படையாகவே அவர் எழுதினார். அவர் காலத்து வேட்டைக்காரர்களும் அவ்வாறே எண்ணினர், செந்நாயைக் கொன்றவருக்குப் பரிசுத்தொகை வழங்கும் வழக்கமும் இருந்தது. அந்தப் பார்வையை மாற்றியது கதையன்று, களஆய்வு. நெல்லைச் சீமையின் நாங்குநேரியைச் சேர்ந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் 1970-களின் பிற்பாதியில், முதுமலையை ஒட்டிய பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து, அவை கூட்டாக வேட்டையாடுவதையும், குட்டிகளுக்கு முறைவைத்து உணவு கொண்டுவந்து கக்கி ஊட்டுவதையும் பதிவுசெய்தார். ஒரு விலங்கின் மேல் படிந்த அச்சத்தைத் தணிக்க, அதன் நாளை முழுமையாகப் பார்க்கும் பொறுமையே போதும் என்பதற்கு அவருடைய ஆய்வு சான்று. ஹைடியில் தகஹதா செய்ததும், தன்மையில், அதுவே.

தணிப்பு படைப்பாளியின் தெரிவாக இல்லாமல் ஒளிபரப்பின் கட்டாயமாக நேர்வதும் உண்டு. அதைச் சுருக்கமாகக் குறித்தால் போதும். 1990-இல் வளர்ந்தோருக்கான இதழில் யொஷிதோ உசுய் தொடங்கிய ‘ஷின்சான்’ மங்கா, 1992-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் குடும்பத் தொடராக இளகியது. 2006-இல் ஹங்காமா தொலைக்காட்சி வழியாக இந்தியாவுக்கு வந்தது. குழந்தைகளைக் கெடுக்கிறது என்ற புகாரால் 2008-இல் நிறுத்தப்பட்டு, வெட்டுகளோடு மறு ஆண்டில் திரும்பிவந்தது. தமிழ்க்குரலோடு வீடுகளில் இன்று அறியப்படும் ஷின்சான் இவ்வாறு பலமுறை வடிகட்டப்பட்டவன். வெட்டித் தணிப்பதில் விலக்கப்பட்டதைத் தவிர வேறு மாற்றம் இல்லை. அதன் இடத்தில் புதிதாக எதுவும் முளைப்பதில்லை. மௌக்லித் தொடரில் முளைத்தது. ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவியலாது.

1995 ஜனவரியில் கோபே நகரைக் குலைத்த நிலநடுக்கத்திற்கும், அதே ஆண்டு மார்ச்சில் தோக்கியோ சுரங்கரயிலில் நடந்த நச்சுவாயுத் தாக்குதலுக்கும் பின்னர், மனத்தை ஆற்றும் தன்மையுடைய படைப்புகளைக் குறிக்க ‘இயாஷிகெய்’ என்னும் சொல் ஜப்பானில் பரவியது. ‘ஆற்றும் வகை’ என்று அதைத் தமிழாக்கலாம். பெரிய மோதல் இல்லாமல், பருவங்கள் மாறுவதையும் உணவு சமைவதையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதையும் கொண்டே நகரும் கதைகள் இவ்வகைக்குள் வரும். இவ்வரிசையில் வைத்துப் பேசப்படும் படைப்புகளுள் யூகி உருஷிபாரா 1999 முதல் 2008 வரை வரைந்த ‘முஷிஷி’ தனித்து நிற்பது. முஷி என்பது விலங்குமன்று தாவரமுமன்று ஆவியுமன்று, உயிரின் அடியாழத்தில் இருக்கும் ஒருவகை இருப்பு. அது மனிதரோடு உரசும்போது நோயும் விந்தையும் நேர்கின்றன. ஊர் ஊராக நடந்து அவற்றைத் தீர்க்கும் கிங்கோ என்பவன் முஷியைப் பகைவனாக எண்ணுவதில்லை. அது தன் வாழ்வை வாழ்கிறது என்றே அறிகிறான். 2005-இல் ஹிரோஷி நகஹாமா இயக்கிய 26 பகுதி அனிமே, மூலத்தின் எந்த இழப்பையும் திருத்தாமல், குரலையும் நிறத்தையும் தாழ்த்தி, அமைதியை நீட்டியது. குழந்தை இறக்கும் கதையில் குழந்தை இறக்கிறது. கண்ணிழந்தவன் பார்வை பெறாமலே முடிவதுமுண்டு. இங்கே குரல் மட்டுமே தணிந்திருக்கிறது, நிகழ்வு தணியவில்லை. காட்டை வீட்டுக்குள் கொண்டுவந்து பழக்காமல், காட்டின் முன் மனிதன் தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் இந்த முறையே இம்மரபு எட்டிய உயர்ந்த இடம்.

இதை வனவிளிம்பில் வைத்துப் பார்க்கும்போது பொருள் கூடுகிறது. 2021 செப்டம்பரிலும் அக்டோபரிலும் கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் மனிதரையும் கால்நடைகளையும் கொன்றதாகக் கருதப்பட்ட, டி23 என்று எண்ணிடப்பட்ட ஆண்புலியை வனத்துறை தேடியது. இறந்தவர்களின் ஊரார் அதைச் சுட்டுக் கொல்லக் கோரினர். அவர்களுடைய துயரம் மெய்யானது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வேட்டையாட ஆணை பிறந்தது. உயிரோடு பிடிக்க முயலுமாறு சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. மூன்று வாரத் தேடலுக்குப் பின் அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்ட அப்புலி காயங்களோடு இருந்தது, சிகிச்சைக்காக மைசூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஷேர்கானின் ஊனத்தை நினைவூட்டும் இந்நிகழ்வில் தோல் உரிக்கப்படவில்லை, எனினும் எவருடைய இழப்பும் மறைக்கப்படவுமில்லை. புலியைக் கெட்டவனாக்கவோ செல்லமாக்கவோ தேவையின்றி ஒரு முடிவு சாத்தியமாயிற்று. சீகூர்ப் பீடபூமியின் யானை வலசைப்பாதையை உறுதிசெய்து 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அன்பைப் பற்றிப் பேசுவதைவிட வழியைப் பற்றிப் பேசுவதே. யானைக்கு வேண்டியது நடந்துபோக இடம்.

இப்பகுதியின் பழங்குடிச் சிந்தனையில் இதற்கு ஆழ்ந்த வேர் உண்டு. 1978–79-இல் நீலகிரி வயநாட்டின் நாயக்கரிடையே, அதாவது காட்டுநாயக்கரிடையே, களஆய்வு செய்த மானிடவியலாளர் நூரித் பேர்ட்-டேவிட், அவர்கள் காட்டைக் கொடுக்கும் பெற்றோராகக் கருதுவதை 1990-ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் விளக்கினார். 1999-இல் எழுதிய இன்னொரு கட்டுரையில், அவர்கள் யானையை ஓர் இனமாக மட்டும் பார்க்காமல், தம்மோடு உறவுகொண்டு நிற்கும் தனி யானையையும் அவ்வாறு நில்லாத யானையையும் வேறுபடுத்துவதைக் காட்டினார். கண்ணோடு கண் பார்த்து, தீங்கின்றிக் குடிசைகளுக்கிடையே நடந்துபோகும் யானை தேவரு, அதாவது உறவுடைய மேலான இருப்பு. குடிசையை மிதித்த யானை, வெறும் யானை. எல்லா யானையும் அன்பு என்றோ எல்லா யானையும் ஆபத்து என்றோ இவர்கள் சொல்வதில்லை. உறவு ஒவ்வொரு முறையும் புதிதாக அறியப்பட வேண்டியது. மிருதுவான முகம் வரைந்துவிட்டால் உறவு உறுதியாகிவிடும் என்னும் ராஸ்கல் காலத்து நம்பிக்கைக்கும் இதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. கிங்கோ முஷியின் முன் அமர்ந்து கவனிப்பதற்கும் இதற்கும் உள்ள தொலைவு மிகக் குறைவு.

கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கி, 2023 மார்ச்சில் ஆஸ்கர் விருது பெற்ற குறும் ஆவணப்படம் ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’, கூடலூருக்கு அருகே தெப்பக்காட்டு யானைகள் முகாமில், தாயைப் பிரிந்த ரகு, அம்மு என்னும் குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரைக் காட்டுவது. அது அனிமே அன்று. ஆனால் அதன் தொனி ஆற்றும் வகையின் தொனியே: குளிப்பாட்டுதல், பால் புகட்டுதல், கோபித்துக்கொள்ளும் குட்டியைச் சமாதானப்படுத்துதல், பிறகு வளர்ந்த ரகு வேறொரு பாகனிடம் ஒப்படைக்கப்படும்போது எழும் பிரிவு. பிரிவை அப்படம் தவிர்க்கவில்லை என்பதே அதை லியோவின் முதல் தொடரிலிருந்து விலக்கி, முஷிஷியின் பக்கத்தில் நிறுத்துகிறது. ஆயினும் உலகெங்கும் அதைக் கண்டவர் நினைவில் தங்கியது கொஞ்சலின் காட்சிகளே. முகாமுக்கு வெளியே இரவில் யானைக்கு அஞ்சித் தோட்ட வேலைக்குப் போய்வருபவரின் நாள் நாற்பது நிமிடப் படத்தில் இடம்பெறாதது இயல்பு என்றாலும், அதைச் சேர்த்துச் சொல்லும் மென்மையான கதை ஒன்று இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது.

கிப்ளிங் மௌக்லியை முதன்முதலில் எழுதியது ‘ஜங்கிள் புக்’கில் அன்று. 1893-ஆம் ஆண்டுத் தொகுப்பொன்றில் வந்த ‘இன் தி ருக்’ என்னும் கதையில் அவன் ஏற்கெனவே வளர்ந்த ஆண். காட்டின் தடம் ஒவ்வொன்றும் அறிந்த அவனைக் கண்டு வியந்த வெள்ளை அதிகாரிகள் வனத்துறையில் காவலர் வேலையில் சேர்த்துக்கொள்கின்றனர், சம்பளமும் ஓய்வூதியமும் பேசப்படுகின்றன, அவன் மணம்செய்து குழந்தை பெறுகிறான். திரைக்கு வந்த மௌக்லித் தழுவல்கள் பெரும்பாலும் காட்டுக்கும் ஊருக்கும் இடையில் நிற்கும் சிறுவனோடு முடிந்துவிடுகின்றன. அந்தச் சிறுவன் பெரியவனாகி மாதச் சம்பளம் வாங்கும் பகுதி மென்மைக்கு உதவாது என்று விடப்பட்டது போலும். தெப்பக்காட்டில் அதுவே தலைமுறைகளாக நடந்துவருவது. மாவூத்தும் காவடியும், அதாவது யானைப்பாகரும் அவருக்கு உதவும் பராமரிப்பாளரும், பெரும்பாலும் இக்காட்டின் குறும்பர், காட்டுநாயக்கர் குடிகளிலிருந்து வந்து வனத்துறையில் வேலை பார்ப்பவர்கள். கும்கி யானையைக் கொண்டு காட்டுயானையைத் திருப்புவதும் குட்டிக்குக் கேழ்வரகுக் களி உருட்டிக் கொடுப்பதும் அவர்களுடைய அலுவல். 2023 ஆகஸ்டில் பெள்ளிக்குத் தமிழ்நாட்டின் முதல் நிரந்தரப் பெண் காவடியாகப் பணிநியமன ஆணை வழங்கப்பட்டது.